கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர்: மெல்பர்னில் ஒரு வீடு கேஸ் வெந்நீர் சிஸ்டம் மாற்றிய கதை

2024 ஜூலை, சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. தங்கச்சி போன் செய்தாள். "அண்ணா, பின்பக்கம் வெந்நீர் டேங்க் அடியில ஒரே தண்ணியா நிக்குது. அவர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, காலைல பாத்துக்கலாம்ங்கறார்."

நான் கேட்ட முதல் கேள்வி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். டேங்க்கின் பக்கவாட்டில் ஒரு வால்வும் அதிலிருந்து கீழே இறங்கும் செப்புக் குழாயும் இருக்கும். தண்ணீர் சூடாகும்போது விரியும், விரிந்த அளவு அந்தக் குழாய் வழியாகக் கொஞ்சம் சொட்டும். அது நோய் இல்லை. அந்தக் குழாய் காய்ந்திருந்து, டேங்க்கைச் சுற்றியுள்ள தகரச் சட்டையின் அடியிலிருந்து கசிந்தால் உள்ளே இரும்பு ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம், அதற்கு வைத்தியம் கிடையாது. இங்கே இரண்டாவது. கேஸை மூடு, டேங்க்குக்குப் போகும் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் மூடு என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

வீடு டான்டினாங் பக்கம். 1990களில் கட்டியது, இரண்டு குளியலறை, தரைக்கு அடியில் ஆள் தவழ்ந்து போக இடம் இருக்கிறது (இந்த விவரம் பின்னால் பணத்தை மிச்சம் பண்ணியது). ஆறு பேர்: தங்கச்சி, மாப்பிள்ளை, பதின்வயதில் இரண்டு பிள்ளைகள், கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கியிருக்கும் எங்கள் அம்மா, அப்பா. பழைய டேங்க் 135 லிட்டர், கேஸில் சூடாவது. லேபிளில் 2009 என்று போட்டிருந்தது. பதினைந்து வருஷம் ஓடியிருக்கிறது என்றால் அது தன் கடமையைச் செய்துவிட்டுத்தான் போயிருக்கிறது. உள்ளே ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டு டேங்க்கைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். அப்படி ஒரு கம்பி இருப்பதே இவர்களுக்கு அன்றுதான் தெரிந்தது. குறை சொல்லவில்லை, என் வீட்டிலும் நான் மாற்றியதில்லை.

ஞாயிறு மதியத்துக்குள் மூன்று விலை கைக்கு வந்துவிட்டது. முதல் பிளம்பர்: அதே மாதிரி கேஸ் டேங்க், அதே இடத்தில், 1,950 டாலர், திங்கள் காலை வந்துவிடுவேன். இரண்டாமவர்: டேங்க் இல்லாத வகை, குழாயைத் திறந்தால் பற்றிக்கொண்டு போகிற போக்கில் சூடாக்குவது, நிமிடத்துக்கு 26 லிட்டர், 2,300 டாலர், ஆனால் "கேஸ் லைனைப் பார்க்கணும்". மூன்றாவது ஹீட் பம்ப், 270 லிட்டர் டேங்க், தள்ளுபடியெல்லாம் போக 2,100, ஆனால் பத்து வேலைநாள் ஆகும்.

நான் ஹீட் பம்ப் கட்சி, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற மெஷின் அது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு தரும். மாதச் செலவில் கேஸ் அதன் கிட்டே நிற்க முடியாது. ஆனால் அந்த வாரம் வீட்டில் ஜூலைக் குளிர், எழுபது தாண்டிய இரண்டு பேர். அம்மா மின்சாரக் கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி பக்கெட்டில் விளாவிக் குளிக்கிறார். ஹீட் பம்புக்கு விக்டோரியா அரசு (மெல்பர்ன் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது) தரும் 1,000 டாலர் தள்ளுபடி வேண்டுமென்றால் பொருத்துவதற்கு முன்பே ஒப்புதல் வாங்கியாக வேண்டும், பொருத்திவிட்டு அப்புறம் கேட்க முடியாது. போதாததற்கு, வைக்க அன்று எங்களுக்குத் தோன்றிய ஒரே இடம் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே, அந்த மெஷின் ஃபேன் ஓடும் சத்தம் போடும். மாப்பிள்ளை சொன்னார், "மச்சான், பத்து நாள் அத்தையைக் கெட்டில் தண்ணியில குளிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது." நான் வாதத்தில் தோற்றேன். டேங்க் செத்த பிறகு யோசிக்க ஆரம்பித்தால் பாதி வழிகள் தானாகவே அடைபட்டுவிடும் என்பதை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாக உணர்ந்தேன்.

சரி, கேஸ்தான் என்று ஆகிவிட்டது. டேங்க்கா, டேங்க் இல்லாததா?

இந்த இடத்தில் எல்லாரும் செய்வது என்ன என்றால், அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டரைப் பார்த்து முடிவு செய்வது. ரின்னை, ரீம், டக்ஸ், போஷ் என்று எந்தக் கம்பெனியை எடுத்தாலும் 16, 20, 26 என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும்போது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது. மெல்பர்ன் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் சுமார் 10 டிகிரிக்கு வருகிறது. அதை 50க்குக் கொண்டுபோக 40 டிகிரி உயர்த்த வேண்டும். அப்போது 26 என்பது 16 ஆகிவிடும், 20 என்பது பன்னிரண்டரை, 16 என்பது வெறும் 10. வருஷம் முழுக்க வெப்பமான டார்வின் நகரத்தில் ஒரு வீட்டுக்குத் தாராளமாக இருக்கும் மெஷின் மெல்பர்னில் மூச்சு வாங்கும். விற்பவர் யாரும் இதைத் தானாகச் சொல்லவில்லை, நாம் கேட்டால் "ஆமாம், அது தெரிந்ததுதானே" என்பார்கள்.

இனி வீட்டுத் தேவை. நான் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டேன். நிமிடத்துக்கு 9 லிட்டர் விடும் ஷவர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம் (இது அவர்கள் சொன்ன கணக்கு), தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஆளுக்கு ஏழு. அம்மாவும் அப்பாவும் ஷவர் பக்கமே போவதில்லை, ஆளுக்கு ஒரு பக்கெட். எல்லாம் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில். கூட்டினால் 40 டிகிரியில் கிட்டத்தட்ட 380 லிட்டர். இதை 60 டிகிரி டேங்க் தண்ணீரும் 10 டிகிரி பச்சைத் தண்ணீரும் கலந்து செய்வதென்றால் டேங்க்கிலிருந்து சுமார் 230 லிட்டர் வெளியே வர வேண்டும். பழைய டேங்க்கின் கொள்ளளவு 135. அதன் அடுப்பு மணிக்குச் சுமார் 30 மெகாஜூல் (எரியும் கேஸின் சூட்டை அளக்கும் அலகு), அதனால் மணிக்கு நூறு லிட்டர் அளவுக்குத்தான் மறுபடி சூடாக்க முடியும். இரண்டும் சேர்ந்து தேவையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது, உள்ளே பச்சைத் தண்ணீர் வந்து கலப்பதையும் சேர்த்தால் நிற்கவே நிற்காது. கடைசியாகக் குளிப்பவர் மாப்பிள்ளை. இந்த வீட்டுக்கு வந்த ஒன்பது வருஷமாகக் கடைசி இரண்டு நிமிடம் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார், டேங்க் வயசாகிவிட்டது அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு! டேங்க் முதல் நாளே சின்னது. அதே டேங்க்கை 1,950 கொடுத்துத் திரும்ப வாங்கினால் அதே பச்சைத் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம்.

டேங்க் இல்லாத வகையில் தீர்ந்துபோகும் பேச்சே இல்லை, ஒரே நேரத்தில் எத்தனை குழாய் என்பதுதான் கணக்கு. ஒரு ஷவருக்கு 9 லிட்டர் என்றால் அதில் முக்கால் பங்குதான் வெந்நீர், ஆறேமுக்கால். இரண்டு ஷவர் சேர்ந்து பதிமூன்றரை. ஆக 20 லிட்டர் மெஷினின் குளிர்காலப் பன்னிரண்டரை பத்தாது, 26 லிட்டர் மெஷினின் பதினாறில் இரண்டு ஷவரும் போய் சமையலறைக்கும் கொஞ்சம் மிஞ்சும். இந்த வீட்டுக்கு 26. இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு 16 போதும், பெரியது வாங்கினால் கௌரவமே தவிர வேறு லாபம் இல்லை.

ஒன்று சொல்ல மறந்தேன். தங்கச்சி டேங்க் பக்கமே சாய்ந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரி 13ஆம் தேதி அடித்த புயலில் விக்டோரியாவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, இவர்கள் வீட்டுக்கும் போனது. வீடே இருட்டாக இருந்தபோதும் வெந்நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. பழைய டேங்க்கில் சின்னதாக ஒரு தீ எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அதற்கு மின்சாரம் தேவையில்லை. புது வகைக்குப் பற்றவைக்கவும் ஃபேன் ஓடவும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் வெந்நீரும் போச்சு. இது நியாயமான ஆட்சேபம், நான் பதில் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னத் தீயும், வெளியே குளிரில் நிற்கும் டேங்க்கிலிருந்து இருபத்துநாலு மணி நேரமும் கசியும் சூடும் யாரும் குளிக்காத நாளில்கூடக் காசு தின்கிறது என்று சொன்னேன். அதைவிட மாப்பிள்ளையின் இரண்டு நிமிடம்தான் முடிவைத் திருப்பியது என்று நினைக்கிறேன்.

கேஸ் லைன்

இரண்டாம் பிளம்பர் திங்கள் காலை வந்தார். அவர் சொன்ன "பார்க்கணும்" என்ன என்று அப்போதுதான் விளங்கியது. பழைய டேங்க்குக்கு மணிக்கு 30 மெகாஜூல். புது மெஷினுக்கு முழு வேகத்தில் சுமார் 200. ஏழு மடங்கு. கேஸ் மீட்டர் வீட்டின் முன்பக்கம், சமையலறைப் பக்கம். டேங்க் நின்றதோ பின்பக்கம் துணி துவைக்கும் அறைக்கு வெளியே. நடுவே பதினாறு மீட்டர், ஒல்லியான 15 மி.மீ. குழாய். அதே லைனில் வீட்டைச் சூடாக்கும் ஹீட்டரும் அடுப்பும் இருக்கின்றன. ஜூலைக் காலையில் மூன்றும் சேர்ந்து இழுத்தால் மெஷினுக்கு வந்து சேரும் அழுத்தம் விழுந்துவிடும். வீட்டில் எல்லாம் சேர்ந்து எரியும்போதும் இந்த மெஷின்களுக்குக் குறைந்தது 1.13 கிலோபாஸ்கல் அழுத்தம் வேண்டும். கிடைக்காவிட்டால் நின்றுவிடும், இல்லை வெதுவெதுப்பாகத் தரும். வீட்டுக்காரர் மெஷினைத் திட்டுவார், குறை குழாயில் இருக்கும். முதலில் போனில் பேசிய இன்னொரு ஆள் (பெயர் வேண்டாம்) கேஸ் லைனைப் பற்றி வாயே திறக்காமல் எல்லாம் சேர்த்து 2,200 என்றார். அவரிடம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கவே வேண்டாம்.

பின்பக்கம் வரை பெரிய குழாய் போட 900 டாலர் அதிகம். அப்போது அம்மா ஜன்னல் வழியாகக் கேட்ட கேள்விதான் வழி காட்டியது. "அடுப்படிக்கு வெந்நி வர அவ்வளவு நேரம் ஆகுதே, அதை இந்தப் பக்கம் வைக்கக் கூடாதா?" டேங்க்கிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு மீட்டர் குழாய், அதற்குள் சுமார் 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு தடவை பாத்திரம் கழுவும்போதும் அந்த மூன்று லிட்டர் வடிந்த பிறகுதான் சூடு வரும், ஒரு நாளில் எத்தனை தடவை! மெஷினைச் சமையலறைப் பக்கச் சுவருக்கு மாற்றினால் மீட்டரிலிருந்து நாலே மீட்டர்தான். கேஸ் குழாய்ச் செலவு 380. தண்ணீர்க் குழாயைத் தரைக்கு அடியில் தவழ்ந்து போய் இணைக்க 450. வெளியே ஒரு பிளக் பாயின்ட் போட எலக்ட்ரீஷியன் 240. எல்லாம் சேர்த்து 3,370 ஆனது. பழைய இடத்திலேயே வைத்திருந்தால் 3,440. கிட்டத்தட்ட ஒரே காசுதான், ஆனால் அடுப்படியில் குழாயைத் திறந்ததும் வெந்நீர்.

அம்மாவுக்கு இன்னொரு பயமும் இருந்தது. "அதைக் குளியலறைக்குள்ள வெச்சிடாதீங்கடா." நம் ஊரில் மூடிய குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டி, கார்பன் மோனாக்சைடில் மயங்கி உயிரே போன செய்திகளைப் படித்துப் படித்து வந்த பயம், சரியான பயமும்கூட. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இது வெளிச்சுவரில் திறந்த வெளியில் மாட்டுகிற மாடல் என்று காட்டியதும் சமாதானமானார். வெளியே என்றாலும் புகைவாய் திறக்கும் ஜன்னலிலிருந்தும் கேஸ் மீட்டரிலிருந்தும் இத்தனை தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி உண்டு. பிளம்பர் டேப் பிடித்து அளந்து, நான் குறித்து வைத்த இடத்தை அடித்துவிட்டு மூலைக்குத் தள்ளினார். வேலை முடிந்ததும் அவர் கொடுக்கும் இணக்கச் சான்றிதழை வாங்கி வைக்க வேண்டும். விக்டோரியாவில் கேஸ் வேலை எவ்வளவு சின்னதானாலும் அது கட்டாயம். கேட்காவிட்டால் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

புதன் மாலை வெந்நீர் வந்தது. நாலு நாள்.

பொருத்திய பிறகு வந்த புகார்கள்

வியாழக்கிழமையே முதல் புகார். "இந்த மெஷின் சரியில்ல, அடுப்படியில சூடே வரல." போய்ப் பார்த்தேன். அம்மா குழாயை நூல் மாதிரித் திறந்து வைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராத ஊரில் குடும்பம் நடத்தியவர், அவர் கை அதற்கு மேல் திறக்காது. டேங்க்கில் அது பிரச்சினையே இல்லை, நூல் அளவு திறந்தால் நூல் அளவு வெந்நீர் வரும். ஆனால் இந்த வகை மெஷின் பற்றிக்கொள்ள நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டராவது ஓட வேண்டும். அதற்குக் கீழே என்றால் தண்ணீர் வருவதே அதற்குத் தெரியாது. குழாயின் கைப்பிடியை நடுவில் வைத்தால் இன்னும் மோசம், பாதி பச்சைத் தண்ணீர்ப் பக்கம் போய்விடும். சிக்கனமாகப் பழகிய ஆளுக்கு இந்த மெஷின் வெந்நீர் தராது என்பதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. சமையலறைச் சுவரில் ஒரு கன்ட்ரோலர் மாட்டி, பகலில் 43 டிகிரிக்கு இறக்கி வைத்து, கைப்பிடியை முழுக்க வெந்நீர்ப் பக்கம் தள்ளித் திறக்கச் சொன்னோம். பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டியதில்லை என்பதால் ஓடுவது முழுக்க மெஷின் வழியாகவே ஓடுகிறது, பற்றிக்கொள்கிறது. பழக ஒரு மாசம் ஆனது. இன்னும் சில சமயம் நூல்தான்.

இரண்டாவது புகார் பிள்ளைகளிடமிருந்து. மெஷின் சமையலறைப் பக்கம் போனதால் குளியலறைக்கு இப்போது பதின்மூன்று மீட்டர், வெந்நீர் வர அரை நிமிடம். அம்மா அதற்கு ஒரு பக்கெட் வைத்துவிட்டார். ஷவரில் முதலில் வரும் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, வெளியே கறிவேப்பிலைத் தொட்டிக்கு.

அக்டோபர் 31, தீபாவளி. இதைத்தான் நான் உண்மையான சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதற்காகவே முந்தின ராத்திரி அங்கே போய்த் தங்கினேன். விடியற்காலை நாலரை. தலையில் எண்ணெயோடு ஆறு பேர் வரிசையில், நானும் என் வீட்டு ஆட்களும் சேர்த்தால் ஒன்பது. இரண்டு ஷவர் ஓடுகிறது, நடுவே அப்பாவுக்காகப் பின்பக்கத் தொட்டிக் குழாயை முழுசாகத் திறந்து பக்கெட் நிரப்புகிறார்கள், அது தனியாகவே பதினைந்து லிட்டருக்கு மேல் இழுக்கும். என்ன ஆனது என்றால் தண்ணீர் ஆறவில்லை, மெலிந்தது. கொடுக்க முடிந்ததற்கு மேல் கேட்டால் இந்த மெஷின் சூட்டைக் குறைக்காமல் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. உள்ளேயிருந்து பையன் "தண்ணி வரல!" என்று கத்த, தலையில் சீயக்காயோடு நின்ற மகள் அதைவிட உரக்கக் கத்த, மாப்பிள்ளை ஓடிப்போய் பக்கெட் குழாயை மூடினார். அதற்கப்புறம் பக்கெட்டை முன்கூட்டியே நிரப்பி வைத்தோம். கடைசியாகக் குளித்தது வழக்கம்போல அவர்தான். வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கோடைக்கால பில் வந்ததும் கணக்குப் பார்த்தோம். ஹீட்டர் ஓடாத மாதங்களில் கேஸ் பில் என்பது வெந்நீரும் அடுப்பும் மட்டுமே, அதனால் ஒப்பிட அதுதான் சுத்தமான ஆதாரம். முந்தின கோடையில் ஒரு நாளைக்குச் சராசரி 76 மெகாஜூல், இப்போது 61. இன்னும் இறங்கியிருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடப் பிள்ளைகள் பதினெட்டு நிமிடப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள், தீராத வெந்நீர் என்றால் யார்தான் வெளியே வருவார்கள்? இவர்கள் கட்டும் விலையில் நாளைக்கு ஐம்பது காசு போல மிச்சம். டேங்க்கைவிட அதிகமாகக் கொடுத்த 1,420 டாலரைத் திரும்ப எடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும். ஆக, பணத்துக்காக எடுத்த முடிவு என்று இதை யாரும் சொல்ல முடியாது. அவ்வளவு வருஷம் மெஷின் தாங்குமா என்றால் தாங்கும். மெல்பர்ன் தண்ணீர் மென்மையானது, சென்னை போர் தண்ணீர் மாதிரி கீசருக்குள் சுண்ணாம்பு கட்டி அடைக்காது.

2025 ஜூனில் அரசு அறிவித்தது: 2027 மார்ச் 1 முதல் விக்டோரியாவில் பழுதுபார்க்க முடியாமல் போன கேஸ் வெந்நீர் சிஸ்டத்துக்குப் பதிலாக மின்சார வகைதான் வைக்க வேண்டும். ரிப்பேர் செய்துகொண்டு ஓட்டலாம், புதுசாகக் கேஸ் வைக்க முடியாது. அப்படியானால் சுவரில் இருப்பதுதான் இந்த வீட்டின் கடைசிக் கேஸ் மெஷின். "நீங்க சொன்னதைக் கேட்டிருக்கலாமோ" என்று மாப்பிள்ளை கேட்டார். பத்து நாள் கெட்டில் தண்ணீரை நினைத்துப் பார்த்தேன், இல்லை என்றேன். ஆனால் அடுத்த முறை இப்படி சனிக்கிழமை ராத்திரி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று, வேறு வேலைக்கு எலக்ட்ரீஷியன் வந்தபோதே ஹீட் பம்புக்குத் தனியாக ஒரு லைன் இழுத்து வைக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், துணி துவைக்கும் அறையின் மறுபக்கச் சுவரோரம். அங்கே ஒரு சிமென்ட் மேடையும் போட்டாயிற்று. காலியாக விடுங்கள் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் போனபோது அம்மா அதன்மேல் கறிவேப்பிலைத் தொட்டியை ஏற்றி வைத்திருந்தார், செடி இடுப்பு உயரம் வந்துவிட்டது. அந்தச் சுவரோரம்தான் வெயில் நன்றாக விழுகிறதாம்.